இப்ராஹிம் பாயின் ஓடாத வீடியோ

நான் பணி ஓய்வு பெற்றுப் பதினோரு மாதம் ஆகிறது. வயது இருபத்தேழு. பென்ஷன் கிடையாது. வழியனுப்பு விழாவில் ஒரு சால்வையும் அரைக் கிலோ மிக்சரும் கொடுத்தார்கள். சால்வை அதுவரை கடையில் ஒரு மானிட்டருக்குப் போர்த்தியிருந்தது. துவைத்துத்தான் கொடுத்தார்கள், குறை சொல்லக்கூடாது.

சிதம்பரத்திலிருந்து அண்ணாமலை நகர் போகிற சாலையில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. அங்கே ஏழரை வருடம் இருந்தேன். ஹார்ட் டிஸ்க், பிரிண்டர், வைரஸ் எல்லாம் மற்றவர்களுக்கு. என் பிரிவு ஒன்றுதான்: இறக்கி வைத்த வீடியோ ஓடவில்லை என்று யாராவது வந்தால், ஏன் ஓடவில்லை என்று பார்ப்பது. இப்படி ஒரு வேலையா என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் இதற்கு என் மேஜை முன் மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள், மூன்றிலும் ஆள் இருக்கும். அப்புறம் ஜனங்கள் வீடியோவை இறக்குவதையே விட்டுவிட்டார்கள். எல்லாம் நேராகப் போனிலேயே ஓடுகிறது. நாற்காலி இரண்டாகி, ஒன்றாகி, அதிலும் பிரிண்டர் அட்டைப்பெட்டியை வைத்தபோது நான் புரிந்துகொண்டேன். இப்போது கடலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் படங்களைச் சேமித்து வைக்கும் வேலை.

போன வாரம் பிரியாவிடமிருந்து செய்தி வந்தது. என் இடத்தில் இப்போது உட்காருகிறவள். "அக்கா, ஒரு வீடியோ வந்துருக்கு, ஓடல. சாருக்குக் காய்ச்சல். என்ன பண்றது?" நாலு வரியில் பதில் போட்டேன். ஓடிவிட்டது. உடனே அடுத்த செய்தி: "அக்கா, அந்தக் கடலூர் பாய் கேஸை முழுசா சொல்லுங்க. சார் பாதி சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார். அவர் டீ குடிக்கப் போயே ஒரு மாசம் ஆவுது."

அதனால் இதை எழுதுகிறேன்.

டிப்ளமோ முடித்த கையோடு, கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணத்துடன் அந்தக் கடையில் சேர்ந்தேன். அந்த எண்ணம் ஐந்து வாரம் இருந்தது. ஆறாவது வாரம் கீரப்பாளையத்திலிருந்து ஒரு அம்மா, மகன் பள்ளி ஆண்டு விழாவில் ஆடிய வீடியோவைப் பென்டிரைவில் கொண்டு வந்தார். டிவியில் ஓடவில்லை. நான் சட்டென்று வேறு வகைக்கு மாற்றி, அதே பெயரில், அதே இடத்தில் சேமித்தேன். பாதியில் கரண்ட் போனது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

கடை முதலாளி நாகராஜன் சார் திட்டவில்லை. "போய்ச் சொல்லிட்டு வரணும்" என்றார். போன் பண்ணிச் சொல்லட்டுமா என்றேன். "போய்" என்றார். டவுன் பஸ்ஸில் அவரும் கூட வந்தார். அந்த வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. நான் உள்ளே போய்ச் சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டு மோர் கொடுத்தார். நான் குடித்ததிலேயே கஷ்டமான மோர் அது. திரும்பும்போது பஸ்ஸில் சார் சொன்னது ஒரே வாக்கியம். "இனிமே வந்ததைத் தொடாத, நகலைத் தொடு." பயிற்சிக் காலம் என்று என் வாழ்க்கையில் இருந்தது அவ்வளவுதான்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்கு வருமுன் அவர் இருபது வருடம் மருந்துக் கடையில் நின்றவர். நின்றவர் என்றால் நிஜமாகவே நின்றவர். எங்கள் கடையிலும் அவருக்கு நாற்காலி கிடையாது. மேஜைக்குப் பின்னால் நின்றபடி, கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். பென்டிரைவை வாங்கினால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார், காலாவதி தேதி இருக்கிறதா என்பது போல. வேலை முடிந்ததும் சின்னக் காகிதக் கவரில் போட்டு, மேலே பெயர், என்ன இருந்தது, என்ன செய்தோம் என்று எழுதித் தருவார். அந்தக் கவர் இல்லாமல் எங்கள் கடையிலிருந்து எதுவும் வெளியே போனதில்லை. ஒருமுறை பழக்கதோஷத்தில் "சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதிவிட்டார். வாங்கியவர் அப்படியே செய்ததாகச் சொன்னார்.

எந்த வாடிக்கையாளரிடமும் அவர் "போச்சு" என்று சொல்லிக் கேட்டதில்லை. "பார்க்கறேன்" என்றால் சாயங்காலம் கிடைக்கும். "பார்க்கலாம்" என்றால் இரண்டு நாள். "வெச்சிட்டுப் போங்க" என்றால் வேறு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

ஓடாத வீடியோ வந்தால் உடனே ஓட்டிப் பார்க்க எனக்குக் கை துறுதுறுக்கும். சார் விடமாட்டார். முதலில் நாலு கேள்வி. எங்கிருந்து வந்தது? எடை எவ்வளவு? அவர் ஃபைல் அளவை எடை என்றுதான் சொல்வார். பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள் அதற்கே உள்ளவையா, நீங்கள் வைத்தவையா? வேறு எதில் போட்டுப் பார்த்தீர்கள்? இந்த நாலுக்கும் பதில் வந்தால் முக்கால்வாசி கேஸ் மவுசைத் தொடாமலேயே முடிந்துவிடும்.

ஒரு ஹாஸ்டல் பையன், படம் முழுதும் இறக்கினேன், ஓடவில்லை என்றான். எடை கேட்டேன். பதினோரு கேபி. இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பதினோரு கேபி என்றால் டைட்டிலில் முதல் எழுத்துக்குக்கூடப் போதாது. அவன் இறக்கியது ஹாஸ்டல் வைஃபையின் லாகின் பக்கம். அதற்கு அவன் படத்தின் பெயரை வைத்து, தனி ஃபோல்டர் போட்டு, பத்திரமாக வைத்திருந்தான். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். படம் வருகிறது, சத்தம் வரவில்லை. அது டிவிக்குத் தெரியாத ஒலி வகை, மாற்றிக் கொடுத்தேன். நகலில்தான். பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

கடலூர் பாய் கேஸ் அப்படிப் போகவில்லை.

காலை பதினொன்றரை மணி இருக்கும். ஐம்பது வயதுக்காரர் ஒருவர், குளிக்கிற டவலில் எதையோ சுற்றி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். பிரித்தால் லேப்டாப். பெயர் இப்ராஹிம், கடலூர் ஓல்டு டவுன், கட்டட காண்ட்ராக்டர்.

"சார் இல்லையா பாப்பா?"

"இருக்கார். வீடியோன்னா நான்தான் பார்ப்பேன்."

"நீயேவா?"

"நானேதான்."

அவர் சாரைப் பார்த்தார். சார் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். அவர் உட்கார்ந்தார்.

"எங்கேருந்து வந்துது பாய்?"

"கடல்லேருந்து."

வளைகுடாவில் ஒரு கப்பலில் அவர் அண்ணன் சாகுல் சமையல்காரர். அண்ணன் மகள் ஷமீமாவுக்கு மறுநாள் காலை பதினோரு மணிக்கு நிக்காஹ். மாப்பிள்ளைக்கு லீவு முடிய ஒரு வாரம்தான் இருந்தது, போனால் திரும்ப வர இரண்டு வருடம். அதனால் அவசரமாக நாள் குறித்தார்கள். பெண்ணின் தகப்பன் ஊரில் இல்லாவிட்டால், தன் சார்பில் இன்னார் நின்று நிக்காஹ் முடித்துக் கொடுக்கட்டும் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். தம்பி இப்ராஹிம்தான் நிற்கப்போகிறார். முன்பு வேறொரு கல்யாணத்தில், போனில் பேசினது தகப்பனே இல்லை என்று தகராறு வந்ததால், அவர்கள் பள்ளிவாசல் ஜமாத்தில் முகத்தைப் பார்க்க வேண்டும், குரலைக் கேட்க வேண்டும் என்று கண்டிப்பு. கப்பல் கிளம்புவதற்கு முன் அண்ணன் வீடியோ எடுத்து அனுப்பிவிட்டார். இனி இரண்டு வாரம் நடுக்கடல், சிக்னல் கிடையாது. அன்று மாலை அஸர் தொழுகை முடிந்து ஜமாத்தார் வீட்டுக்கு வந்து வீடியோவைப் பார்ப்பதாக ஏற்பாடு.

காலையில் டிவியின் சத்தம் சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்திருக்கிறார். ஓடவில்லை. கடலூரிலேயே இரண்டு கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

"வாட்ஸப்புலயே அனுப்பியிருக்கலாமே பாய்?"

"அதுல மங்கிப் போய் வரும் பாப்பா. கல்யாணத்துக்குன்னே அம்பத்தஞ்சு இஞ்ச் டிவி வாங்கி மாட்டியிருக்கோம். இருக்கறதுலயே ஜாஸ்தி குவாலிட்டியில எடுண்ணே, ஒரிஜினலா லிங்க் போட்டு அனுப்புண்ணேன்னு நான்தான் சொன்னேன்."

"எடை எவ்ளோ?"

"எடையா?"

நானே பார்த்தேன். ஒன்றரை ஜிபி. சரியாகச் சொன்னால், ஒன்றரைக்குத் துளி கீழே. நாலு நிமிட வீடியோவுக்கு உலகத்திலேயே உயர்ந்த குவாலிட்டி.

"எதுல இறக்குனீங்க?"

"இந்த லேப்டாப்புலதான். நம்ம போன் நெட்டைக் குடுத்து."

"உங்க போன்ல ஒரு நாளைக்கு எவ்ளோ நெட்டு?"

"ஒன்றரை ஜிபி."

நான் சாரைப் பார்த்தேன். சார் பேனா மூடியைத் திருகினார்.

"பாய், பேரோட கடைசி எழுத்தை நீங்க மாத்துனீங்களா?"

"மாத்தல. பின்னால எதோ நீளமா வாலு மாதிரி இருந்துது. அது அசிங்கமா இருக்குன்னு எடுத்துட்டு, மத்த வீடியோல இருக்கற மாதிரி எம்பி ஃபோர்னு போட்டேன்." பிறகு, நாங்கள் இருவரும் அவரையே பார்ப்பதைப் பார்த்து, "தொண்ணூத்தொம்போது பர்சென்ட் வந்துடுச்சு பாப்பா. ஒரு பர்சென்ட்டுல என்னா வந்துரப் போவுது?"

அந்த வால், இறக்கம் முடியாத ஃபைலுக்கு பிரவுசர் கட்டிவிடுவது. அதை அறுத்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. லிங்க்குக்கு ஆயுள் மூன்று நாள், இறக்கி நாலு நாள் ஆகிறது.

"இறக்குன அன்னிக்கே ஓட்டிப் பார்க்கலையா?"

"அதெப்படிம்மா? ஜமாத்தாருக்குன்னு வந்தது. அவுங்க பாக்கறதுக்கு முன்னாடி நான் தொறக்கலாமா? மரியாதை இல்ல?"

ஏழரை வருடத்தில், மரியாதைக்காக ஒட்டின கவர் மாதிரி ஒருவர் ஒரு ஃபைலைத் திறக்காமல் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

அப்போது அவர் போன் அடித்தது. வீடியோ கால். திரையில் இரண்டு உள்ளங்கை. மருதாணி காய்வதற்காகத் தூக்கிப் பிடித்தபடி, அதற்கு நடுவில் ஷமீமாவின் முகம். போனை யாரோ அவளுக்காகப் பிடித்திருந்தார்கள்.

"அக்கா, நீங்கதான் பாக்கறீங்களா? எங்க சாச்சா பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார்."

"நல்லது, காதுல விழட்டும். சாச்சா, எங்க அத்தா உங்களுக்குக் குடுத்தது ஒரே ஒரு வேலை."

"வந்துரும் ஷமீ. தொண்ணூத்தொம்போது..."

"நாளைக்குக் கல்யாணமும் தொண்ணூத்தொம்போது பர்சென்ட் நடத்துவீங்களா? மாப்பிள்ளை மேடை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போவட்டுமா?"

பாய் டவலை மடித்தார். மறுபடியும் பிரித்து மடித்தார்.

"அக்கா," என்றாள் என்னிடம். குரலில் இப்போது கிண்டல் இல்லை. "ஓடுமா?"

நான் ஓடும் என்று சொல்ல வாயெடுத்தேன். சார் முந்திக்கொண்டார். "பார்க்கறேன்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்க்கறேன் என்றால் சாயங்காலத்துக்குள்.

முதலில் நகல் எடுத்தேன். இரண்டு. பென்டிரைவில் ஒன்று, கடை மெஷினில் ஒன்று. லேப்டாப்பை மூடி, சார் பக்கம் தள்ளினேன்.

சங்கதி இதுதான். போனில் வீடியோ எடுக்கும்போது படமும் ஒலியும் வரிசையாகச் சேர்ந்துகொண்டே போகும். நிறுத்துகிற நிமிடத்தில்தான், எந்த வினாடி எங்கே இருக்கிறது என்கிற பட்டியலைப் போன் கடைசியில் எழுதும். ரயில் பெட்டி எல்லாம் வந்துவிட்டது, ரிசர்வேஷன் சார்ட் மட்டும் கடைசிப் பெட்டியில். அந்தக் கடைசிப் பெட்டிதான் வரவில்லை. ஆள் எல்லாம் உள்ளேதான் இருக்கிறார்கள், யார் எந்த சீட் என்று தெரியாது. பிளேயர் கதவையே திறக்காது.

இதற்கு ஒரு வழி உண்டு. அதே மாதிரிப் போனில் எடுத்த, நன்றாக ஓடுகிற இன்னொரு வீடியோ வேண்டும். அதன் பட்டியலைப் பார்த்து, இதற்கு ஒரு பட்டியலை எழுதிக்கொடுக்கிற மென்பொருள் இருக்கிறது. ஆனால் அதே மாடல் போன் வேண்டும். கிட்டத்தட்ட அதே மாதிரி என்பது ஆகாது.

"உங்க அண்ணன் என்ன போன் வெச்சிருக்கார் பாய்?"

அவர் தன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மேஜையில் வைத்தார். "இதேதான். அண்ணன் எப்ப வந்தாலும் எதையும் ஒரே மாடல்ல ரெண்டாத்தான் வாங்கியாரும். டார்ச் லைட்டு, கைலி, போன், எல்லாம். ஒருத்தனுக்கு ஒசத்தி, ஒருத்தனுக்கு மட்டம்னு நம்ம வீட்டுல பேச்சு வரக்கூடாதுன்னு."

அந்தக் குடும்பப் பழக்கத்துக்கு நான் மனதுக்குள் சலாம் வைத்தேன்.

அவர் கேலரியில் இருந்த முதல் வீடியோவை எடுத்தேன். ஆட்டுச் சந்தை, இரண்டு நிமிடம், ஒரு கிடாவைச் சுற்றிச் சுற்றி. அதை மாதிரியாக வைத்து ஓட்டினேன். ஒன்றரை ஜிபியை மென்பொருள் மெல்ல இருபது நிமிடம் ஆனது. முடிந்து திறந்தால் பச்சைக் கோடு, ஊதாக் கட்டம், அரை வினாடிக்கு ஒருமுறை யாரோ ஒருவரின் காது. ஒலி அரைக்கிற மாதிரி வந்தது. நான் ஸ்பீக்கரை அணைத்தேன். பாய் திரையைப் பார்த்து மெதுவாக, "அண்ணன் காது" என்றார்.

மணி பன்னிரண்டே கால். வேறு மென்பொருள் தேட ஆரம்பித்தேன். ஒரே நேரத்தில் மூன்றை இறக்கினேன். கை வேகமாகப் போனால் மூளையும் கூடவே வருகிறது என்று நான் நம்பிய காலம். சார் பின்னால் வந்து நின்றார்.

"ஆடு எந்த குவாலிட்டி?"

"என்ன சார்?"

"அவுங்க அண்ணன் ஒசந்த குவாலிட்டியில எடுத்தார். ஆட்டை இவர் எதுல எடுத்தார்?"

ஆடு சாதாரணக் குவாலிட்டி. ஆட்டின் அளவெடுத்துக் கப்பலுக்குச் சட்டை தைத்திருக்கிறேன்.

பாயின் போனில் செட்டிங்கை உச்சத்துக்கு வைத்தேன். புதிதாக ஒரு வீடியோ எடுக்க வேண்டும், பேச்சும் இருக்க வேண்டும். சாரை நிற்கவைத்து, "ஒரு நிமிசம் எதாவது பேசுங்க சார்" என்றேன். அவர் கேமராவைப் பார்த்தார். "சோதனை" என்றார். பிறகு மிச்ச நேரம் முழுவதும் பேசாமல் நின்றார். கண்கூட இமைக்கவில்லை. கல்யாணத்தில் போட்டோகிராபர் முன்னால் நிற்கிற மாமனார் மாதிரி இருந்தார். அதையே மாதிரியாக வைத்தேன்.

மறுபடி இருபது நிமிடம். பாய் தொழுதுவிட்டு வருகிறேன் என்று போனார், வந்தார். சாப்பிட்டீர்களா என்று சார் கேட்டார், இல்லை என்றார். சார் தன் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சோற்றில் பாதியை மூடியில் வைத்து நகர்த்தினார். இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது படம் வந்தது.

கப்பல் சமையலறை. எவர்சில்வர் அலமாரி முன்னால் வெள்ளை ஏப்ரனில் தாடி நரைத்த ஒருவர். இமை தெரிகிறது, தாடியில் மாவு தெரிகிறது. வாய் அசைகிறது.

சத்தம் இல்லை.

பாய் கையில் சோற்றோடு எழுந்துவிட்டார். நான் ஒலித் தடத்தைத் திறந்து பார்த்தேன், ஒலி வகையைத் தேடினேன். குரல் இல்லாவிட்டால் முகத்தை வைத்து ஜமாத்தார் என்ன செய்வார்கள்? இரண்டு நிமிடம் இப்படிப் போனது. சார் சுத்தமாக இருந்த இடது கையால், நான் ஆட்டுக்காக அணைத்திருந்த ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார்.

"...தம்பி இப்ராஹிம், நீ இதைக் கேட்டுக்கிட்டு இருப்பேன்னு தெரியும்" என்றது திரை.

முதலில் இருந்து போட்டோம். ஜமாத்தார் அனைவருக்கும் சலாம். தான் சாகுல், கப்பலிலிருந்து பேசுகிறேன் என்று ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு இரண்டரை நிமிடம் முழுவதும் தம்பிக்கு.

"பள்ளிவாசல் காம்பவுண்டு செவுரை நீ எடுத்துக் கட்டுனது எந்தக் காலம்? நாலாவது தூணோட நிக்குது. போன் பண்ணிக் கேட்டா முடிஞ்சுடுச்சுண்ணேங்கற. எது முடிஞ்சுது? நான் லீவுல வந்தப்ப அந்த ஓட்டை வழியா ஆடு உள்ள போயிட்டு வந்துது. நீ எந்த வேலையையும் முக்காவாசி பண்ணிட்டு முடிஞ்சுதுங்கற ஆளு. எம் பொண்ணு கல்யாணத்தை நாலாவது தூணோட நிறுத்திடாதடா. பிரியாணிக்காரருக்கு அட்வான்ஸ் குடுத்தியா? குடுத்தேன்னு சொல்லாத, குடு."

பாய் டிபன் மூடியைக் கீழே வைத்தார்.

கடைசியில் சாகுல் பாய் ஏப்ரனைக் கழற்றினார். தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக, தன் மகள் ஷமீமாவை இன்னாருக்கு நிக்காஹ் முடித்துக்கொடுக்கத் தன் தம்பி இப்ராஹிமைத் தன் சார்பில் நியமிப்பதாகச் சொன்னார். மாப்பிள்ளையின் பெயர், அவர் தகப்பன் பெயர், மஹர் தொகை எல்லாம் தெளிவாக இருந்தது. அதன் பிறகு குரல் மாறியது. "ஷமீ, உனக்கு ஒண்ணு சொல்லணும்னு..."

அங்கே நின்றுவிட்டது. வராமல் போன அந்த ஒரு பர்சென்ட் இரண்டு மூன்று வினாடி இருக்கும், அது இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்தார். "பாப்பா, ஒரு உதவி. அந்தச் செவுரு மேட்டரை மட்டும் வெட்டிடேன். கடைசி ஒரு நிமிசம் போதும்ல? ஜமாத் செயலாளர் ஹனீபா ஹாஜியார் ரெண்டு வருசமா அந்தச் செவுரைக் கேட்டுத்தான் என்னை உரிச்சுக்கிட்டிருக்கார். அவர் முன்னாடி, அதுவும் அம்பத்தஞ்சு இஞ்ச்சுல..."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சம்மதம்தான் வேண்டும், அது இருக்கிறது. வெட்டுகிற மென்பொருளைத் திறந்துவிட்டேன்.

"வெட்டாத" என்றார் சார்.

"தேவையில்லாததுதானே சார்?"

"அட்டையைப் பாதியா வெட்டி மாத்திரை குடுத்தா, வாங்கறவன் என்ன கேப்பான்? தேதி போட்டிருக்கற பாதி எங்கன்னு கேப்பான்."

அத்தோடு நிற்கவில்லை. காகிதக் கவரை எடுத்து எழுதினார்: வந்தபோது ஓடவில்லை. பழுது நீக்கப்பட்டது. கடைசி சில வினாடி இல்லை. எதுவும் சேர்க்கவில்லை, எதுவும் வெட்டவில்லை. கீழே கையெழுத்து.

"சார், இதையாவது எழுதாம குடுங்களேன்," என்றார் பாய், கெஞ்சுகிற குரலில். "பழுதுன்னு பாத்தா ஹாஜியார் தொட மாட்டார்."

"கேட்டா வெண்ணிலா சொல்லும். கூட்டிட்டுப் போங்க."

வெண்ணிலா நான்தான்.

கடலூர் பஸ்ஸில் பாய் மூன்று தடவை கவரைக் கையில் எடுத்தார், மூன்று தடவையும் என்னைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். நாலரைக்கு வீட்டில் இருந்தோம். ஹாலில் சுவர் முழுக்க டிவி. ஜமாத்தார் ஐந்து பேர். உள் அறை வாசலில் திரைச்சீலை, அதற்குப் பின்னால் பெண்கள், வளையல் சத்தம். ஹனீபா ஹாஜியார் ஒல்லியான, சுத்தமான மனிதர். நிக்காஹ் புத்தகம் மடியில். கவரை வாங்கி, தள்ளிப் பிடித்துப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"பழுது நீக்கப்பட்டதுன்னா என்னாம்மா?"

சொன்னேன். ரயில் பெட்டி, சார்ட், நாலாம் கேள்வி வரைக்கும் சொன்னேன். என்னைவிட நன்றாக யாரும் அதைச் சொல்லியிருக்க முடியாது. ஐந்து பேரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

"புரியுதும்மா," என்றார் ஹாஜியார். "ஆனா இப்பல்லாம் ஏஐயில செத்தவன்கூட எழுந்து வந்து பேசறான். ஓடாதது ஒரு கடைக்குப் போச்சு, ஓடிக்கிட்டு வருது. புரிஞ்சுதுங்கறதுக்காக நான் இதுல கையெழுத்துப் போட முடியாது."

திரைச்சீலைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

"மாப்பிள்ளை லீவு..." என்று ஆரம்பித்தார் பாய்.

"லீவு எனக்கும் தெரியும் இப்ராஹிம். சாகுல் கரைக்கு வரட்டும். பேசிக்கலாம்."

அப்போது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க ஹாஜியார்" என்றேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார். போட்டேன்.

சலாம் முடிந்து சுவர் வந்தது. ஐம்பத்தைந்து இஞ்ச்சில், தாடி மாவோடு, அண்ணன் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தார். நாலாவது தூண். ஓட்டை வழியாக ஆடு. ஒருவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றினார். ஹாஜியார் கையை உயர்த்தினார்.

"நிறுத்து. திரும்பப் போடு."

போட்டேன்.

"நாலாவது தூணா?"

"ஆமாங்க," என்றார் பாய், தரையைப் பார்த்து.

"இன்னொரு தரம் போடும்மா."

மூன்றாம் முறை முடிந்ததும் ஹாஜியார் மற்ற நாலு பேர் பக்கம் திரும்பினார். "மெஷின்ல செஞ்சதுன்னா யார் செஞ்சிருக்கணும்? இவன்தான் செஞ்சிருக்கணும். வேற யாருக்கு இதுல வேலை இருக்கு? எவனாவது தன்னைத் திட்டறதுக்குத் தானே மெஷின் வெப்பானா? அதுவும் ரெண்டரை நிமிசம்?"

யாரும் வைக்கமாட்டார்கள் என்று நாலு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

"மேல போடு" என்றார். சம்மதம் வந்தது. அதை ஐந்து பேரும் கைகட்டிக் கேட்டார்கள். ஹாஜியார் புத்தகத்தைத் திறந்து எழுதினார். எழுதி முடித்து, "நாளைக்குப் பதினொண்ணு" என்றார். பிறகு பேனாவை மூடாமலே, "அஞ்சாவது தூணு எப்ப இப்ராஹிம்?"

"வலீமா விருந்து முடிஞ்ச அன்னிக்கு ஹாஜியார்."

"எழுதிக்கவா?"

"எழுதிக்குங்க."

சம்மதம் முடிந்த இடத்தில் நிறுத்தியிருந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டேன். "ஷமீ, உனக்கு ஒண்ணு சொல்லணும்னு..." என்று சாகுல் பாயின் முகம், வாய் பாதி திறந்தபடி, சுவர் அளவுக்கு நின்றுபோனது. திரைச்சீலை விலகியது. சிவந்த இரண்டு கை மட்டும் தெரிந்தது.

"அவ்ளோதானாக்கா?"

"அவ்ளோதான் வந்துதும்மா."

கைகள் திரைச்சீலைக்குள் போயின. ஒரு பர்சென்ட்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. நான் பென்டிரைவைக் கழற்றிக் கவரில் போட்டு, ஹாஜியாரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். மறுநாள் பதினோரு மணிக்கு நிக்காஹ் நடந்தது. பிரியாணியும் வந்ததாம்.

இரண்டு வாரத்துக்கு அப்புறம் ஷமீமாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அக்கா, கப்பல் கரைக்கு வந்துடுச்சு. அத்தா பேசினார். அன்னிக்குக் கடைசியில என்னா சொன்னீங்கன்னு கேட்டேன். அவருக்கே ஞாபகம் இல்லையாம். பரவால்ல, இப்ப சொல்லுங்கன்னேன். இரு, கதவைச் சாத்திட்டு வர்றேன்னார். அப்புறம் சொன்னார். என்னா சொன்னார்னு மட்டும் கேக்காதீங்க. அது எனக்கு."

நான் கேட்கவில்லை.